சொற்களுக்கு நடுவே இல்லாத இடைவெளி

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செவிலியர். பிரிட்டனில் வேலைக்குப் போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறார். "படிச்சா புரியுது, டாக்டருங்க பேசினா புரியுது. லிஸனிங் ஆடியோ போட்டா மட்டும் எல்லாம் ஒரே வார்த்தையா ஓடுது. ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தா அத்தனையும் தெரிஞ்ச வார்த்தை. என் காதுல ஏதாவது கோளாறா சார்?"

காதில் கோளாறு எதுவும் இல்லை. தன் காதில் விழுவதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார். பேச்சு என்பது உண்மையிலேயே ஒரே வார்த்தையாகத்தான் ஓடுகிறது.

லிஸனிங் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4 பகுதி, 40 கேள்வி, சுமார் 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். பிரிட்டனின் செவிலியர் பதிவுக்கு லிஸனிங்கில் 9க்கு 7 வேண்டும். அதாவது நாற்பதில் ஏறக்குறைய முப்பது சரியாக இருக்க வேண்டும். காதுக்குள் நடப்பதும் பள்ளியில் படித்ததுதான்: செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், நத்தைச்சுருள், நரம்பு. அதுவரைக்கும் லண்டன்காரருக்கும் அல்சூர்க்காரருக்கும் ஒரே பாதை. வித்தியாசம் அதற்கு மேலே, மூளையில் தொடங்குகிறது.

ஒரு காரியம் செய்து பாருங்கள். கைப்பேசியில் "பாட்டி வீட்டுக்கு வந்தாங்க" என்று இயல்பாகப் பேசிப் பதிவு செய்து, அதன் ஒலி அலையைத் திரையில் பெரிதாக்குங்கள். பிராட் என்ற இலவச மென்பொருள் இதற்கு அருமையானது, ஆம்ஸ்டர்டாமில் உருவானது. அலை தட்டையாகி நிசப்தம் விழும் இடங்கள் தெரியும். அவை சொற்களுக்கு நடுவே இருக்காது! 'பாட்டி'யின் நட்டநடுவே, 'ட்ட' சொல்ல நாக்கு மேலண்ணத்தை அடைக்கும் நொடியில் ஒரு நிசப்தம். 'வீட்டுக்கு' என்பதற்குள் இரண்டு. ஆனால் 'வீட்டுக்கு' முடிந்து 'வந்தாங்க' தொடங்கும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூடக் கிடையாது. எழுத்தில் நாம் விடும் இடைவெளி காற்றில் இல்லவே இல்லை. அதைப் போட்டுக்கொள்வது மூளை.

எப்படிப் போடுகிறது? இதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம்.

1996ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் ஒரு கணினிக் குரலைக் கேட்கவிட்டார்கள். பிடாகு, பாடோட்டி, கோலாபு என்று பொருளற்ற சொற்கள். நிறுத்தம் இல்லை, அழுத்தம் இல்லை, ஒரே சீராக ஓடும் அசைகள். 'பி'க்குப் பின் எப்போதும் 'டா' வரும். 'கு'வுக்குப் பின் எது வேண்டுமானாலும் வரலாம். அந்த ஒரு துப்பை வைத்தே, எது சொல், எது இரண்டு சொற்களின் ஒட்டு என்று குழந்தைகள் பிரித்துவிட்டன. பெரியவர்களுக்கும் இந்தத் திறன் உண்டு என்று அதே குழு அதே ஆண்டில் காட்டியது. புத்தகத்தைத் தொடாமல் பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கன்னடம் பிடித்துக்கொண்ட நம்மவர்கள் பெங்களூருவில் எத்தனை பேர்! அவர்களுக்கும் இந்தத் திறன் கைகொடுத்திருக்கும்.

அசைக் கணக்கு ஒரு துப்பு. இன்னொரு துப்பு, ஒரு மொழியில் சொல் எப்படித் தொடங்கும் என்பது. தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று தொல்காப்பியமே பட்டியல் போட்டுவிட்டது. ழ, ள, ற, ன, ண வராது. அதனால் ஓடுகிற பேச்சில் 'ழ' கேட்டால், சொல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று இலக்கணம் படிக்காத காதுக்கும் தெரியும். "என்ன பண்ணிக்கொண்டு இருக்கிறாய்" என்பதை "என்னபண்ட்ருக்க" என்று விழுங்கினாலும் நாம் திணறுவதில்லை.

ஆங்கிலத்துக்கு வேறு விதி. அதைத் துலக்கியவர் ஆன் கட்லர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், நெதர்லாந்தின் நைமேகனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயக்குநராக இருந்தார், 2022ல் மறைந்தார். உரையாடலில் வரும் பொருளுள்ள ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அழுத்தமான அசையில் தொடங்குகின்றன என்று 1987ல் எண்ணிக் காட்டினார். எனவே ஆங்கிலக் காது, அழுத்தம் கேட்டவுடன் அங்கே வெட்டுப் போடுகிறது. மெல்லிய ஒலியில் "கன்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்" என்று போட்டுக் காட்டினால், 'டாக்டர் சென்ட்ஸ்... பில்', அதாவது டாக்டர் பில் அனுப்புகிறார் என்று எழுதிக் கொடுத்தார்களாம் ஆங்கிலேயர்கள். டக்ட், சென்ட்ஸ், ஹில் என்ற மூன்று அழுத்தங்களிலும் வெட்டுப் போட்டுச் சொல் தேடியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ ஆங்கிலத்தைக் கேட்கும்போதும் தங்கள் மொழியின் வழக்கப்படி அசை அசையாகவே வெட்டினார்கள். தாய்மொழியின் கத்தியைத்தான் காது எங்கும் எடுத்துப் போகிறது.

இப்போது வாசகியின் ஆடியோவுக்கு வருவோம். "ஷீ மஸ்ட் ஹேவ் லெஃப்ட் இட் அட் ஹோம்" என்று ஸ்கிரிப்டில் இருக்கும். காதில் விழுவது "ஷிமஸ்டவ்லெஃப்டிடட்ஹோம்". மஸ்ட், லெஃப்ட், ஹோம் மூன்றும்தான் உயரும். மற்றதெல்லாம் நசுங்கிய 'அ', 'இ'. தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை என்பதால், நம் காது நசுங்கியதையும் முழுசாகத் தேடிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் அடுத்த விடை ஓடிப்போகிறது. 'கேன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். "ஐ கேன் கோ" என்றால் அது "க்ன்" என்று நசுங்கும். அமெரிக்க உச்சரிப்பில் 'கேன்' அழுத்தமாக, முழுசாகக் கேட்டால் பெரும்பாலும் அது 'கேன்ட்', அதாவது 'முடியாது'. கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஆகவே தினமும் ஒரு முழு மாதிரித் தேர்வு என்று ஓட்டுவதால் காது பழகாது என்பது என் உறுதியான கருத்து. அது மதிப்பெண்ணை அளக்கும், அவ்வளவுதான். பத்து விநாடித் துண்டு ஒன்றை எடுத்துக் காதில் விழுந்ததை எழுதுங்கள். ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தைக் கண்ணால் பார்த்தபடி மறுபடி கேளுங்கள். நசுங்கிய சொல் "இதோ இருக்கிறேன்" என்று அப்போது தலைகாட்டும். மூளை தன் அளவுகோலைத் திருத்திக்கொள்வது அந்தக் கணத்தில்தான். 2009ல் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் டச்சுக்காரர்களுக்கு ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குத் தேறியது. டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. ஆகவே தமிழ் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், ஆங்கில சப்டைட்டில் இருக்கட்டும்.

தூங்கும்போது ஹெட்போனில் ஆங்கிலம் ஓடவிட்டால் தானே ஏறும் என்று விற்கப்படும் ஆடியோக்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். 1956லேயே சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் மூளை அலையைப் பதிவு செய்தபடி சோதித்துப் பார்த்து, உண்மையிலேயே தூங்கியவர்கள் எதையும் கற்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு நிம்மதியாகத் தூங்குவது மேல்.

டச்சுக் காது, பிரெஞ்சுக் காது, ஜப்பானியக் காது எல்லாவற்றுக்கும் விரிவான ஆய்வு இருக்கிறது. ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசும் தமிழின் காது ஆங்கிலத்தை எங்கே வெட்டுகிறது என்பதற்கு அந்த அளவு ஆய்வு நடக்க வேண்டாமா? இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூருவில், இங்கிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. இந்த ஊரில் பயிற்சி மையங்கள் விளம்பரப் பலகைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு இப்படி ஓர் ஆய்வகத்துக்குப் போனால், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும்!

வாசகிக்கு இன்னொன்று. ஒரே யூடியூபரை மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். ஜப்பானியர்களுக்கு ஆங்கில 'ர', 'ல' வேறுபாட்டைப் பழக்கிய 1990களின் ஆய்வுகளில், பல குரல்களில் கேட்டவர்கள் புதுக் குரலையும் சமாளித்தார்கள், ஒரே குரலில் பழகியவர்கள் தடுமாறினார்கள். தேர்வில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்கக் குரல்கள் வரும். பத்து விநாடித் துண்டை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாட்டுக் குரலில் எடுங்கள்.