மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்: மாடல் எஞ்சின் கிட்டின் கியர்பாக்ஸ்

பாகங்களாக வரும் கிட்டிலிருந்து கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, எண் ஒட்டிய மாடல் ரயில் எஞ்சின் தண்டவாளத்தில் திக்கித் திக்கி நகர்கிறது. முன்னே போகும்போது அமைதி, பின்னே வரும்போது உறுமல். உடனே பழி மோட்டார் மேல் விழுகிறது. கூடுதல் விலைக்கு வேறு மோட்டார் வாங்கி மாட்டினால் அதுவும் அதே ஆட்டம் ஆடுகிறது. மோட்டார் உண்மையிலேயே கெட்டிருப்பது அபூர்வம். இறுக்கம் வேறெங்கோ இருக்கிறது. அது இவ்வளவு நாள் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு: நடுவில் இருக்கும் வார்ம் கியர்.

மோட்டார் ஷாஃப்ட்டில் திருகுபோல் இருப்பது வார்ம். அது தன்னோடு சேர்ந்த கியரைச் சுழற்றும். அந்தக் கியரால் வார்மைத் திருப்பிச் சுழற்ற முடியாது. அதனால் வார்ம் கோத்த எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சக்கரங்களைத் தாங்கும் சேசிஸ் வெண்ணெய்போல் சுழல்கிறதா, ஓரிடத்தில் கவ்வுகிறதா என்பது விரலுக்கு எட்டாது. பாடியை மூடிய பிறகு கரண்ட் கொடுத்தால்தான் வெளிச்சத்துக்கு வரும். ஆகவே கியர்பாக்ஸ் தனியாக, சேசிஸ் தனியாகத் தேற வேண்டும். அதற்குப் பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பெரும்பாலும் மோட்டார் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

முதலில் பல் விகிதம். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1929 முதல் கட்டிய 57xx வகை பானியர் டாங்க் (பாய்லரின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டி உள்ள) எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 863 கட்டப்பட்டவை. கிட்டாகக் கட்டுபவர்களுக்கும் நெருக்கமானது. சக்கரம் 4 அடி 7½ அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில், அதாவது 1:76.2 விகிதத்தில், 18.5 மி.மீ. விட்டம், சுற்றளவு சுமார் 58 மி.மீ. நிஜத்தில் மணிக்கு 40 மைல் என்றால் மாடல் நொடிக்கு 235 மி.மீ. ஓட வேண்டும். சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 242 சுற்று. 60:1 கியர்பாக்ஸில், அதாவது மோட்டார் 60 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றுவதில், மோட்டார் 14,500 சுற்றுக்கு ஓட வேண்டியிருக்கும். 40:1 என்றால் 9,700 போதும். பெட்டிகளை இடம்மாற்றும் ஷன்டிங் மட்டுமே செய்யும், 25 மைலைத் தாண்டாத எஞ்சினுக்கு 60:1 வைத்தாலும் 9,100 சுற்றுதான். “விகிதம் கூடக் கூட நல்லது” என்று 108:1 வாங்கி எக்ஸ்பிரஸ் எஞ்சினில் போட்டால் அது ஆமைபோல் ஊர்ந்து கத்தும். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகாது. அதைப் போடாமல் கியர்பாக்ஸ் வாங்குவது செருப்பின் அளவைப் பார்க்காமல் வாங்குவதுபோல்தான்.

கூடவே இரண்டு அளவுகளைச் சரிபாருங்கள். மோட்டார் ஷாஃப்ட் 1.5 மி.மீ.யா, 2 மி.மீ.யா, வார்மின் துளை அதற்குப் பொருந்துமா? பாக்ஸின் அகலம் சேசிஸ் தகடுகளுக்கு நடுவே, இருபுறமும் வாஷர் போட இடம்விட்டு, அடங்குமா? ஒரே எஞ்சின் 16.5, 18.2, 18.83 மி.மீ. என மூன்று கேஜ்களில் (தண்டவாள அகலங்களில்) கட்டப்படுகிறது. தகடுகளின் இடைவெளியும் அதற்கேற்ப மாறும்.

இனி பாக்ஸ். அமிலத்தால் அரித்து வெட்டிய நிக்கல் சில்வர் தகடாக வரும். இணைப்புத் துணுக்கை வெட்டியதும் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். துளைகள் வேண்டுமென்றே சற்றுச் சிறிதாக வரும். துளையைப் பெரிதாக்கும் கூம்பு ரீமரால் இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை புஷ்ஷை (அச்சு சுழலும் சிறு குழாயை) வைத்துப் பார்த்துத் திறக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் துளையும் கூம்பாகி, புஷ் சாய்ந்து உட்காரும். தேவைக்குமேல் திறந்துவிட்டால் புஷ் மையம் நகரும். பல் இடைவெளி முழுவதும் அந்தத் துளைகளின் தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

மடிப்புக் கோடு உள்பக்கம் வரும்படி, ஒரே தடவையில் 90 பாகைக்கு மடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் பாதி அரித்த கோடு வெடித்துவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபின் மடிப்பின் உள்ளே ஈயம் (சால்டர்) ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். புஷ்களை வெளிப்பக்கமிருந்து, ஊசிமுனை அளவு ஈயத்தில் பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய் தடவிய 3.175 மி.மீ. எஃகுக் கம்பி இரு புஷ்களிலும் குறுக்கே இருக்கட்டும்: நேர்கோடும் கிடைக்கும், ஈயம் துளைக்குள் ஏறவும் செய்யாது. ஆறியதும் பாக்ஸைச் சாய்த்தால் கம்பி தன் எடையிலேயே நழுவி விழ வேண்டும். விழவில்லை என்றால் இங்கேயே நின்று சரிசெய்யுங்கள். “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்பது இந்த வேலையில் நடக்காது.

அடுத்தது கழுவுவது. பற்றவைக்க உதவும் பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் காய்ந்தபின் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும், எஃகு ஷாஃப்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும். ஆனால் கியரும் மோட்டாரும் ஏறும் முன்பே, பற்றவைத்த அன்றே கழுவ வேண்டும். ஃப்ளக்ஸ் புகையை முகத்தின் மேல் வாங்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், சின்ன ஃபேன் புகையை அப்பால் இழுக்கட்டும். வெள்ளை உலோகப் பாகங்களுக்கான 70 டிகிரியில் உருகும் சால்டரில் காரீயம் (லெட்) இருக்கும், சிலவற்றில் காட்மியமும் உண்டு. கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடுவது இந்தப் பட்டறையின் சாதாரண, மோசமான பழக்கம். காந்தம் உள்ள மோட்டாரை அரம் போடும் மேசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரும்புத்தூள் உள்ளே போனால் எடுப்பது கடினம்.

வார்மை ஷாஃப்ட்டில் ஏற்றுவதில்தான் நல்ல மோட்டார்கள் பாழாகின்றன. சுத்தியலால் தட்டக் கூடாது. வைஸில் மெல்ல அழுத்தும்போது மோட்டாரின் பின்பக்க ஷாஃப்ட் முனைக்கு முட்டுக் கொடுங்கள். மோட்டார் டப்பாவுக்குக் கொடுத்தால் அழுத்தம் முழுவதும் உள்ளிருக்கும் கம்யூட்டேட்டருக்கும் (சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் பாகம்) பேரிங்குக்கும் போகும். பின்முனை வெளியே நீட்டாத மோட்டார் என்றால் தளர்வாகப் பொருந்தும் வார்மை வாங்கி லாக்டைட் 638 போன்ற பசையால் ஒட்டலாம். பசைத்துளியை ஷாஃப்ட்டில் வைத்தால் வார்ம் ஏறும்போது அது வழிந்து மோட்டார் பேரிங்கில் இறங்கும். வார்மின் துளைக்குள் வையுங்கள். ஷாஃப்ட் அதை வெளிப்பக்கம் தள்ளிவிடும். பசை இறுகும்வரை ஷாஃப்ட் கீழ்நோக்கி இருக்கட்டும்.

மோட்டாரைப் பிடிக்கும் திருகின் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. கூடினாலும் சில மோட்டார்களில் அது சுருளைத் தொட்டுவிடும், சுருளுக்குள் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டாரில் இன்னும் சுலபமாக. நீளம் கூடினால் வாஷர் போடுங்கள் அல்லது திருகை அறுத்துக் குறையுங்கள்.

பல் கோர்வை. வார்முக்கும் கியருக்கும் நடுவே சிகரெட் பேப்பர் துண்டு ஒன்றைச் செருகி, மோட்டாரை நெருக்கி, திருகை இறுக்கி, பேப்பரை எடுத்துவிடுங்கள். அந்த மெல்லிய இடைவெளியே போதும். கியர் துளி மையம் தவறியிருக்கலாம், அதனால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே வைத்துதான் இடைவெளியை அமைக்க வேண்டும். இறுக்கமான கோர்வை சீராக அழும். தளர்ந்த கோர்வை தடதடக்கும். ஒரு திசையில் மட்டும் உறுமினால் அது பெரும்பாலும் பல் அல்ல, மோட்டார் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம்.

இப்போது அச்சை மட்டும் கோத்து, 3 வோல்ட்டில் ஓட்டுங்கள். மோட்டார் தனியாக எவ்வளவு மில்லியாம்ப் எடுத்தது என்று முன்பே குறித்திருந்தால், பாக்ஸ் சேர்ந்ததும் கொஞ்சமே ஏற வேண்டும். மீட்டர் முள் ஒரு சீராக ஏறி இறங்கினால் அச்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கவ்வுகிறது என்று அர்த்தம்.

சேசிஸின் சோதனை தனி. கடைசி கியரை அச்சோடு பிடிக்கும் பொடித் திருகைத் (கிரப் ஸ்க்ரூ) தளர்த்திவிட்டால் அச்சு கியருக்குள் தாராளமாகச் சுழலும், வார்ம் குறுக்கே வராது. சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடுகளை மாட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒரு முனையைச் சற்றுத் தூக்குங்கள். தானே உருள வேண்டும். 57xx வகைக்கு அச்சு இடைவெளி 29 மி.மீ., 33 மி.மீ. ராடின் துளைத் தூரமும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால், ராடைத் தாங்கும் சக்கரப் பின்கள் (கிராங்க் பின்) அச்சுகளோடு ஒரே கோட்டில் படுத்திருக்கும் நிலையில் கவ்வும். அதற்கு நடுவே, ஏறத்தாழ 45 பாகையில் கவ்வினால் ஏதோ ஒரு அச்சின் இரு சக்கரங்களுக்குமான கோணம் மற்ற அச்சுகளிலிருந்து விலகியிருக்கிறது. அந்தக் கோணம் துல்லியமாக 90 இல்லாவிட்டாலும் பாதகமில்லை, எல்லா அச்சிலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ராடின் துளையைக் கண்டபடி பெரிதாக்கினால் எஞ்சின் ஓடும், ஆனால் நொண்டும்.

இரண்டும் தேறியபின் பொடித் திருகை இறுக்கலாம். கியர்பாக்ஸைச் சேசிஸோடு ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். சக்கரங்கள் மேலும் கீழும் அசையும்படி கட்டிய சேசிஸில் அது அச்சோடு சேர்ந்து அசைய வேண்டும். அதே சமயம் விட்டுவிட்டால் அச்சைச் சுற்றிப் புரளப் பார்க்கும். ஒரு மெல்லிய கம்பி வளையத்தால் ஒரே இடத்தில் மட்டும் கட்டி நிறுத்துங்கள்.

எண்ணெய் விஷயத்தில் தாராளம் வேண்டாம். புஷ்ஷுக்கு ஊசிமுனையில் ஒரு துளி, வார்முக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் கடுகளவு. அதிகம் வைத்தால் சுழற்சியில் சிதறி கம்யூட்டேட்டரில் போய்ப் படியும். துரு நீக்கும் ஸ்பிரேயை எண்ணெயாக நினைத்து அடிக்காதீர்கள். பாடி இல்லாமல், நடுத்தர வேகத்தில், ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு கறுத்த கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்து, பொடித் திருகை இன்னொரு முறை இறுக்கிய பிறகே பாடியை மூடுங்கள்.