3 டிகிரியில் பனி விழுவது எப்படி?

வெப்பமானி 3 டிகிரி செல்சியஸ் காட்டியது. வெளியே சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் போயிருக்கும், தூறலுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ ஒன்று நேராக விழாமல் தயங்கித் தயங்கி இறங்கியது. எட்டு வயது மகள்தான் முதலில் பார்த்தாள். குதித்து முடித்ததும் என்னை மடக்கினாள்: “தண்ணி 0 டிகிரியிலதானே உறையும்? இப்ப 3 டிகிரி இருக்கே, அப்புறம் எப்படிப்பா பனி விழுது?”

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான், விடிகாலையில் தெருவை மறைக்கும் மூட்டமும் பனிதான். இங்கே பேசுவது மேகத்திலிருந்து படிகமாக விழும் வெண்பனியைப் பற்றி.

அது தரைக்கு அருகில் உருவாவதில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் மேலே போகும்போதும் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. தரையில் 3 டிகிரி என்றால், மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ −16. அந்தக் குளிரிலும் மேகத்தின் நுண்துளிகள் பல உறையாமல் நீராகவே இருக்கும். மிகத் தூய்மையான நுண்துளி −38 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உறைவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும்: கொஞ்சம் தூசி, களிமண் துகள், சில வகை பாக்டீரியா. ஒரு துளி உறைந்துவிட்டால், அந்தப் படிகம் சுற்றியுள்ள நீராவியை இழுத்துக்கொண்டே வளரும். பக்கத்துத் துளிகள் ஆவியாகி அதற்குத் தீனி போடும்.

வெப்பமான பகுதிகளில் பெய்யும் மழையிலும் கணிசமான துளிகள் உயரத்தில் பனியாகப் பிறந்து, வரும் வழியில் உருகியவைதான். ஆக, பனி பிறப்பது அபூர்வமல்ல. தரைவரை வந்து சேர்வதுதான் அபூர்வம்.

பனித்துகள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்கும். மூன்று கிலோமீட்டருக்கு 50 நிமிடம் ஆகும். கடைசிச் சில நூறு மீட்டர்தான் சோதனை, ஏனென்றால் அங்கே காற்று 0 டிகிரிக்கு மேல். இங்கேதான் பனி ஒரு வேலை செய்கிறது: போகும் வழியைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது.

குளித்துவிட்டு ஈர உடம்போடு மின்விசிறிக்குக் கீழே நின்று பாருங்கள். அறை வெப்பம் மாறியிருக்காது, உடம்பு வெடவெடக்கும். ஈரம் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றுக்குள் நுழையும் பனித்துகளுக்கும் இதேதான் நடக்கிறது. மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஆவியாகப் போகிறது, மிச்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. அதனால் உருகுமா உருகாதா என்று பார்க்க வெறும் வெப்பநிலை போதாது, ஈரக்குமிழ் வெப்பநிலை வேண்டும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் காட்டும் அளவு அது. காற்று 4 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு ஏறக்குறைய 0. பனி பிழைத்துவிடும். அதே 4 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அளவு 3-க்கு மேல் போய்விடும். மழைதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சுடவைத்துவிடலாம். முதலில் வரும் துகள்கள் உருகி மழையாகின்றன, அதற்கான வெப்பத்தைக் காற்றிடமிருந்து பறிக்கின்றன. காற்று ஆறுகிறது. அடுத்து வருபவை இன்னும் கொஞ்சம் கீழேவரை உருகாமல் வருகின்றன. தூறலாகத் தொடங்கியது பனியாக மாறியது இப்படித்தான். மகளிடம், “முன்னாடி வந்த பனியெல்லாம் உருகி, பின்னாடி வர்றதுக்கு வழி விட்டிருக்கு” என்றேன். “பாவம்” என்றாள்.

இப்படி வழி கிடைத்த இடங்கள் சில. 1977 ஜனவரி 19 அன்று மயாமியில் பனித்துகள்கள் விழுந்தன. பாக்தாதில் 2008 ஜனவரியிலும் 2020 பிப்ரவரியிலும் பெய்தது. சஹாராவின் விளிம்பில், அல்ஜீரியாவின் ஐன் செஃப்ரா ஊரில், 2016 டிசம்பரில் செம்மணல் மேடுகள் வெள்ளையாயின. ஐன் செஃப்ரா சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதும் அதற்குக் கைகொடுத்தது.

சரி, குழந்தையோடு வெளியே இறங்கினால் எங்கே பார்ப்பது? தார்ச்சாலையை விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் வெயிலை வாங்கிச் சேர்த்த தரை, தொட்டவுடன் உருக்கிவிடும். புல், இலை, கார் கூரை, கம்பி வேலி ஆகியவற்றில் சேமித்த வெப்பம் குறைவு. முதல் வெள்ளை அங்கேதான் தங்கும்.

அதைவிட நல்ல இடம் சட்டைக் கை. கறுப்புக் கம்பளித் துணி ஒன்றைக் கால் மணி நேரம் வெளியே குளிரவிட்டு, அதில் துகளைப் பிடியுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு உருப்பெருக்கியில் பாருங்கள். மூச்சு பட்டால் காட்சி முடிந்தது. முதலில் தெரிவது நட்சத்திரமாக இருக்காது, பஞ்சுப் பிசிறு போல இருக்கும். 0 டிகிரிக்கு அருகில் படிகத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பத்தும் நூறும் சேர்ந்த பொதியாக வருகின்றன. வெப்பமான இடத்துப் பனி பெரிது பெரிதாக இருப்பது இதனால்தான். பிசிறின் ஓரத்தில் தேடினால் ஒரு கிளை தட்டுப்படும். நுனி ஏற்கெனவே மழுங்கியிருக்கும், கூர்மையான இடம்தான் முதலில் உருகும்.

நாங்கள் முழுப் படிகம் ஒன்றைத்தான் பார்த்தோம், அதிலும் ஒரு கை ஒடிந்திருந்தது. மகள் எண்ணிவிட்டு “அஞ்சு” என்றாள். ஆறாவது இருந்த இடத்தைக் காட்டினேன். பனிக்கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் அறுகோணக் கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அதனால் ஆறு மூலைகள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மூலைக்கு நீராவி அதிகம் கிடைப்பதால் அது வேகமாக நீண்டு கையாகிறது. ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-இலேயே ஒரு சிறு நூல் எழுதினார், விடை கிடைக்கவில்லை. 1936-இல் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நக்கயா ஆய்வுக்கூடத்தில் ஒரு முயல் முடியின் மேல் பனிப்படிகத்தை வளர்த்தார். −15 டிகிரி வாக்கில் கிளைவிட்ட நட்சத்திரம், −5 வாக்கில் ஊசியும் தூணும் என்று, வெப்பநிலையும் ஈரப்பதமும் உருவத்தைத் தீர்மானிப்பதை அவர் காட்டினார். அட்டைப்படங்களில் வரும் அப்பழுக்கற்ற நட்சத்திரங்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவை, அவற்றை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் பனி கடுங்குளிர் நாட்டுப் பனியைவிட மேல். அங்கே விழும் உலர்ந்த பனியைக் கையில் அழுத்தினால் மாவு போல உதிரும். ஈரம் கொண்ட இந்தப் பனி அழுத்தியதும் பிடித்துக்கொள்ளும். அருகருகே வைத்த இரண்டு பனிக்கட்டிகள் ஒட்டிக்கொள்வதை ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1850-இல் கவனித்துச் சொன்னார், உருண்டை பிடிக்கும்போது நடப்பதும் அதுவே. கார் கூரையைச் சுரண்டி எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று தேற்றினோம். கையுறை நனைந்ததும் மாற்றிவிட வேண்டும், உருகும் பனி விரல்களிலிருந்து எடுக்கும் வெப்பமும் அந்த 80 டிகிரிக் கணக்குதான்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிட்டது. உருண்டை மட்டும் ஃப்ரீசருக்குப் போனது. தினமும் திறந்து பார்க்கிறாள். மூன்றாம் நாள் பஞ்சுத்தன்மை போய், சர்க்கரை போல மணிமணியாக ஆகியிருந்தது. சிறு கிளைகள் ஆவியாகிப் பெரிய மணிகளில் படிந்துவிடும். இரண்டாம் வாரம் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. “யாருப்பா திங்கிறா?” என்று கேட்டாள். ஃப்ரீசரின் வறண்ட காற்றுதான், உருகவிடாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்குகிறது. நான் சொன்னதை அவள் நம்பவில்லை. இப்போது அளவுகோலை வைத்து அளந்து தேதியோடு எழுதிக்கொண்டிருக்கிறாள்.