கரவாஜியோ படத்துல அந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?

ரோம்ல சான் லூயிஜி தெய் ஃபிரான்செசின்னு ஒரு சர்ச் இருக்கு, அதுல இடது பக்கம் ஒரு சின்ன சேப்பல், அதாவது தனி ஜெப அறை, அங்க இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1599-1600ல வரைஞ்ச ‘மத்தேயுவை அழைத்தல்’ படம் மாட்டியிருக்கு. வரி வசூல்காரரா இருந்த மத்தேயுவை இயேசு தன் சீடரா கூப்பிடற காட்சி அது. வரி வசூல் பண்றவங்க மேஜையைச் சுத்தி உக்காந்து காசு எண்ணிட்டு இருக்காங்க, வலது ஓரத்துல இயேசு கையை நீட்டுறாரு, அவர் தலைக்கு மேல சரிவா ஒரு வெளிச்சம் உள்ள வந்து நேரா அந்த முகங்கள் மேல போய் விழுது. படத்துக்குள்ளயே ஒரு ஜன்னல் வரைஞ்சிருக்காரு, ஆனா அதுலருந்து ஒரு துளி வெளிச்சம் வரல! சேப்பல்ல பலிபீடத்துக்கு மேல நிஜமாவே ஒரு ஜன்னல் இருக்கு, படத்துக்கு வலது பக்கம் வருது, படத்துல வெளிச்சம் வர்றதும் அதே திசைதான். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, வெறும் பெயிண்ட் எப்படி இவ்ளோ பளிச்னு இருக்கு? பெயிண்ட் தானா ஒளிராது, மேல விழற வெளிச்சத்துல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், அவ்ளோதான். நல்ல வெள்ளைன்னா கிட்டத்தட்ட 90 சதவீதம் திருப்பும், நல்ல கறுப்பு 3, 4 சதவீதம், ஆக ஓவியர் கையில இருக்கிறது சுமார் 20, 30 மடங்கு வித்தியாசம். நிஜத்துல ஒரு இருட்டு ரூம்ல வெயில் விழற இடத்துக்கும் மூலைக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் இருக்கலாம். அதை அப்படியே கேன்வாஸ்ல கொண்டு வரவே முடியாது.

இங்கதான் நம்ம கண்ணு உதவிக்கு வருது. கண்ணு வெளிச்சத்தை மீட்டர் மாதிரி அளக்காது, பக்கத்துல இருக்கிறதோட ஒப்பிட்டுத்தான் பாக்கும், விழித்திரையில ஒரு இடம் தூண்டப்பட்டா அது பக்கத்து இடத்தோட சிக்னலை அமுக்கும், அதனால அதே வெள்ளை, இருட்டுக்கு நடுவுல இருந்தா இன்னும் வெள்ளையா தெரியும். கரவாஜியோ படத்துல முக்கால்வாசி இடத்தை இருட்டுல மூழ்க விட்டுட்டு, முகம், கை, சட்டைக் கைன்னு நாலஞ்சு இடத்துல மட்டும் வெள்ளையைச் செலவு பண்றாரு. இப்படி இருட்டை ஓங்க விடறதுக்கு டெனெப்ரிசம்னு பேரு.

அந்த இருட்டுக்கு ஆயில் பெயிண்ட் ரொம்ப முக்கியம். கருங்கல் தரையில தண்ணி ஊத்தினா சட்டுனு கறுத்துப் போகுதுல்ல, மேற்பரப்புல சிதறிட்டு இருந்த வெளிச்சம் உள்ள போயிடுது, அதான் காரணம். எண்ணெயும் வார்னிஷும் அதே வேலையத்தான் செய்யுது. சுண்ணாம்புச் சுவர்ல வரையற ஃபிரெஸ்கோவுல இந்த ஆழம் வராது. அதோட அவர் கேன்வாஸ்ல முதல்லயே பழுப்பு நிறத்துல ஒரு பூச்சு பூசிடுவாரு, நிழல் வர்ற சில இடத்துல அதை அப்படியே விட்டுட்டா போதும், வேலையும் சீக்கிரம் முடியும்.

நிழலோட ஓரம் ஏன் கத்தி மாதிரி இருக்கு? சாதாரண வெள்ளைச் சுவர் ரூம்ல ஜன்னல் வெளிச்சம் எல்லாச் சுவர்லயும் பட்டுத் திரும்பி நிழலுக்குள்ளயும் போயிடும், நிழல் வெளுத்துடும். அந்தக் காலத்து மருத்துவர் ஜூலியோ மான்சினி கரவாஜியோவும் அவரைப் பின்பற்றினவங்களும் வரைஞ்ச பாணியைப் பத்தி எழுதும்போது, சுவர் எல்லாம் கறுப்பா இருக்கிற ரூம்ல மேல ஒரே ஜன்னல் இருந்தா எப்படியோ அப்படி, எதிரொளி இல்லாத வெளிச்சம்னு சொல்றாரு. 1605ல கரவாஜியோவோட வீட்டுக்கார அம்மா வாடகை பாக்கி, ரூமோட உள்கூரையை உடைச்சுட்டாருன்னு கேஸ் போட்டாங்க. மேலருந்து வெளிச்சம் விழத்தான் உடைச்சிருப்பாருன்னு சில ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க, பெரிய கேன்வாஸ் நிக்கறதுக்கு இடம் வேணும்னும் இருக்கலாம்.

ஒரு வருத்தமான விஷயமும் இருக்கு. ஆயில் பெயிண்ட் வருஷம் ஆக ஆக கொஞ்சம் கொஞ்சமா கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், அப்ப அடியில இருக்கிற பழுப்புப் பூச்சு மேல வந்துடும், வார்னிஷும் மஞ்சளாகி கறுக்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642ல முடிச்ச ‘நைட் வாட்ச்’ உண்மையில பகல் காட்சிதான், கறுத்துப் போனதாலதான் பின்னாடி அந்தப் பேர் வந்துச்சு, 1940கள்ல பழைய வார்னிஷை எடுத்தப்ப உள்ளருந்து பகல் வெளிச்சம் வெளிய வந்துச்சு.