மொழிச் சார்பியலை ஏன் தீர்மானவாதம் ஆக்குகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் மொழியும் பண்பாடும் பற்றிப் பேச எழும்புகிற பலர் சபீர், வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர்களின் பெயர்களைச் சொல்லி, "மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது, இதுவே மொழித் தீர்மானவாதம்" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிற்று.

பேசும் மொழியைப் பொறுத்து உலகை நோக்கும் விதம் மாறும் என்ற தன் கொள்கைக்கு வோர்ஃப் 1940இல் பெயர் வைத்தபோது ஐன்ஸ்டைனின் கொள்கைப் பெயரையே (relativity) எடுத்தாண்டார். தமிழில் அது சார்பியல். சார் என்றால் ஒன்றை ஒட்டி நிற்றல், ஒரு பக்கம் சாய்தல். "சார்புணர்ந்து" என்று குறளிலேயே (359) இருக்கிற சொல். உயர்தரத்தில் சார்பு வேகம் படித்த பிள்ளைக்கு, பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பது நன்றாகத் தெரியும்.

சார்பு என்றால் ஓரவஞ்சனை போலத் தொனிக்கிறது என்கிறார்கள் சிலர். அதற்கு எங்களிடம் பக்கச்சார்பு என்ற தனிச்சொல் இருக்கிறதே! தீர்மானம் என்ற சொல் செய்யும் கெடுதி இதைவிடப் பெரிது. தீர்மானம் என்றால் முடிந்த முடிவு, மறுபேச்சு இல்லை.

"உதென்ன கையில?" என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேட்கிறோம். இது எனக்குக் கிட்ட, அது தூரத்தில், உது கேட்பவர் பக்கம். தமிழ்நாட்டுப் பேச்சில் உது வழக்கொழிந்துவிட்டது. அதற்காக மதுரைக்காரருக்கு எதிரில் நிற்பவரின் கையிலுள்ள பொருள் தெரியாமலா போகிறது? "உங்க கையில என்ன?" என்று கேட்கிறார், அவ்வளவுதான். தீர்மானவாதம் சரியென்றால் அந்தக் கேள்வியே அவருக்குத் தோன்றக் கூடாது. ஆனால் பொருள் யார் பக்கம் என்று வாய் திறக்கும்போதே நாங்கள் கவனித்தாக வேண்டும், அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மொழி கவனத்தைச் சாய்க்கிறது. ரஷ்ய மொழியில் கடும் நீலத்துக்கும் இளநீலத்துக்கும் வெவ்வேறு அடிப்படைச் சொற்கள் உண்டு. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள நிறங்களை ரஷ்யர் சற்று விரைவாகப் பிரித்தறிந்தார்கள் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த விரைவு இல்லை, நிறம் மட்டும் அவர்களுக்கும் தெரிந்தது.

இந்தச் சாய்வைத் தீர்மானம் என்று பெயர்ப்பவர்கள் மூலத்தைத் திறந்து பார்ப்பதில்லை, முன்னவர் எழுதியதைப் பிரதி பண்ணுகிறார்கள். மொழி ஒரு சிறை, அதற்கப்பால் எண்ணவே முடியாது என்று வாதிடுகிறவர்களின் கொள்கைக்குத் தீர்மானவாதம் என்ற பெயர் இருக்கட்டும். வோர்ஃப் வைத்த பெயருக்கு மொழிச் சார்பியல் என்றே எழுதுங்கள்.