‘குடை’யைக் கண்டுபிடித்தார்கள், ‘விச்’ மட்டும் வரவில்லை

எட்டாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணத்தில் ‘ரிலேட்டிவ் கிளாஸ்’ (ஒரு பெயரை விளக்க ‘ஹூ’, ‘விச்’ போட்டுத் தொடங்கும் துணை வாக்கியம்) நடத்திய முதல் ஆண்டில், சீட்டு எழுதிப் போட்டு ஒரு விளையாட்டு வைத்தேன். சீட்டில் உள்ள சொல்லைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாணவி எழுந்து ‘ரெயின், பிளாக், ஓப்பன்’ என்றாள். ‘அம்ப்ரெல்லா!’ என்று வகுப்பே அலறியது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாடவேளை முழுக்க ஒரே அமர்க்களம். ஆனால் ஒரு ‘ஹூ’, ஒரு ‘விச்’ யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பிள்ளைகள் மேல் தவறில்லை. மூன்று சொல்லில் காரியம் முடியும்போது முழு வாக்கியத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்?

இந்த இலக்கணம் நம் பிள்ளைகளுக்கு ஏன் கசக்கிறது என்பதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. ‘நேற்று வந்த பையன்’ என்கிறோம். பெயரெச்சம் முன்னே, பையன் பின்னே. ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்து நிற்க வேண்டும். அதோடு, செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறையும் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் சொல்கிறது. உண்ட சாத்தன், வெட்டிய கத்தி, படித்த பள்ளி, பிறந்த நாள்: எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. ஆங்கிலமோ ஆளுக்கு ‘ஹூ’, இடத்துக்கு ‘வேர்’, காலத்துக்கு ‘வென்’ என்று பிரித்துக் கேட்கிறது. கத்திக்கு ‘வித்’ வேறு வேண்டும். மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது அதைத்தான்.

இன்னொரு பிழை, ‘தி புக் விச் ஐ பாட் இட்’. இதற்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. ‘நான் அதை வாங்கிய புத்தகம்’ என்று அப்படியே சொல்லிக் காட்டுவேன். சிரித்துவிட்டு அவர்களே ‘இட்’டை அடித்துவிடுவார்கள். விதியை ஒப்பிக்க வைப்பதைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இப்போது சீட்டுகளோடு ஒரு படமும் கொண்டுபோகிறேன். பஸ் நிறுத்தத்தில் ஆறு ஆண்கள். ஆறு பேருக்கும் வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசை. நான் சுமாராக வரைந்ததுதான். ஒருவர் வாழைப்பழம் உரிக்கிறார், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவருடைய செருப்பு அறுந்திருக்கிறது. ஒரு மாணவன் மனத்துக்குள் ஒருவரை நினைத்துக்கொள்வான். மற்றவர்கள் கேட்பார்கள்: ‘இஸ் இட் தி மேன் ஹூ இஸ் பீலிங் எ பனானா?’ அவன் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ மட்டுமே சொல்லலாம். இங்கே ‘வேட்டி’ என்றோ ‘மீசை’ என்றோ சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஆளை அடையாளம் காட்டுவதே அந்தத் துணை வாக்கியம்தான். செருப்பு அறுந்தவரைக் கேட்க ‘ஹூஸ்’ வேண்டும் என்பதால், அவரைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

சீட்டு விளையாட்டையும் கைவிடவில்லை. ‘இட்ஸ் எ திங் விச்’, ‘இட்ஸ் எ பெர்சன் ஹூ’, ‘இட்ஸ் எ பிளேஸ் வேர்’ என்று தொடங்காத குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது. ஆட்டத்தின் நடுவே திருத்துவதும் இல்லை. திருத்தினால் அடுத்தவன் வாயே திறக்கமாட்டான். பிழைகளைக் குறித்து வைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதுகிறேன்.

‘மை மதர், ஹூ இஸ் எ நர்ஸ்’ என்று காற்புள்ளியோடு வரும் வகைக்கு இந்த விளையாட்டு உதவாது. அம்மா யார் என்று முன்பே தெரியும், கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அதற்கு நான் இன்னும் சாக்பீஸைத்தான் நம்பியிருக்கிறேன்.