சாக்கெட்டின் மறுமுனையில் இருப்பது யார்?

கணினி ஒன்றில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான நிரல்களை, அதாவது பிராசஸ்களை, ஒன்றோடொன்று பேசவைக்கும் வழிகளுள் பழையது யூனிக்ஸ் டொமைன் சாக்கெட். சாக்கெட் என்பது இரு நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பின் ஒரு முனை. 1983-இல் 4.2 பிஎஸ்டி இயங்குதளத்துடன் வெளிவந்த இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய லினக்ஸிலும் டி-பஸ் செய்தி வழித்தடம், பதிவேட்டுச் சேவை, தரவுத்தள சேவையகங்கள் எனப் பலவும் நம்பியிருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட ஒரு சாக்கெட்டின் மறுமுனையை எந்த பிராசஸ் வைத்திருக்கிறது என்று கேட்டால், விடை எளிதில் கிடைப்பதில்லை.

வலையமைப்பு இணைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. டிசிபி இணைப்பின் இரு முனைகளுக்கும் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் உண்டு. ஆகவே யாருக்கு யார் அனுப்புகிறார் என்பது பாக்கெட் எனப்படும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் எழுதப்பட்டிருக்கும். ஒரே கணினிக்குள் இயங்கும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் பாக்கெட்டும் இல்லை, வலை இடைமுகமும் இல்லை. ஒரு பிராசஸ் எழுதியதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவகத்துக்குள்ளேயே மறுமுனையின் வரிசையில் நேராகச் சேர்த்துவிடுகிறது. பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கும் கருவிகளின் கண்ணில் இது படாததற்குக் காரணம் இதுவே.

பெயரிடும் முறை குழப்பத்தைக் கூட்டுகிறது. சேவை வழங்கும் நிரலான சேவையகம் தன் சாக்கெட்டுக்குக் கோப்புப் பாதை ஒன்றைப் பெயராகச் சூட்டிக்கொண்டு காத்திருக்கும். அதனுடன் இணையும் வாடிக்கை நிரலோ பெரும்பாலும் பெயர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பை ஏற்கும்போதும் சேவையகத்தின் பக்கம் பிறக்கும் புதிய சாக்கெட் அதே பாதையையே பெயராகப் பெறுகிறது. ஆகவே பட்டியலில் ஒரே பாதை முப்பது முறை வந்தால், அந்த முப்பதும் பொதுவாகச் சேவையகத்தின் முனைகளே. நாம் தேடும் முப்பது வாடிக்கை நிரல்கள் பெயரற்ற வரிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன.

இங்கே கைகொடுப்பது ஐநோடு எண். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கெர்னல் தரும் அடையாள எண் இது. கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில், ஒவ்வொரு பிராசஸும் திறந்து வைத்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்களின், அதாவது திறந்த கோப்பு, சாக்கெட் ஆகியவற்றைக் குறிக்கும் எண்களின், பட்டியலிலும் அதே எண் தென்படும். எண்ணைக் கொண்டு உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். பிறர் பிராசஸ்களைப் பார்க்க ரூட் எனும் நிர்வாகி உரிமை வேண்டும், அவ்வளவுதான். (சாக்கெட் பாதையிலுள்ள கோப்பின் ஐநோடு எண் வேறு, சாக்கெட்டின் எண் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதித் தேடினால் எதுவும் அகப்படாது.) ஆயினும் எந்த எண்ணுக்கு எந்த எண் இணை என்பது கெர்னலுக்குத் தெரிந்திருந்தும், ப்ராக்கில் உள்ள சாக்கெட் பட்டியலில் அதற்கென ஒரு நெடுவரிசையே கிடையாது. அடுத்தடுத்த எண்களை இணையென ஊகிப்பதும், பிழைதிருத்தியைக் கொண்டு கெர்னலின் நினைவகத்தையே துழாவுவதும் முன்பு கையாளப்பட்ட உத்திகள். முன்னது பல வேளைகளில் சரியாக இருந்தாலும், ஊகம் ஊகம்தான்.

2012-இல் வந்த லினக்ஸ் 3.3, இணை எண்ணைக் கெர்னலிடமே கேட்டுப் பெறும் வசதியைத் தந்தது. சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை எக்ஸ், பி என்னும் இரு தெரிவுகளுடன் (ss -xp) இயக்கினால், சாக்கெட்டின் சொந்த எண், இணையின் எண், வைத்திருக்கும் பிராசஸ் ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும். ஒரு வரியில் சொந்த எண் 40210, இணை 40215 என்றிருந்தால், 40215-ஐச் சொந்த எண்ணாகக் கொண்ட வரியைத் தேடி அங்குள்ள பிராசஸைப் படித்தால் போதும். சேவையகம் இன்னும் ஏற்காத இணைப்புக்கு மட்டும் மறுமுனையின் எண் பூஜ்ஜியமாக நிற்கும், ஏனெனில் அந்த முனைக்கு ஐநோடு இன்னும் ஒதுக்கப்படவில்லை.

இவ்வளவு செய்தும் கிடைப்பது சாக்கெட்டை வைத்திருப்பவரின் பெயரே தவிர, பேசுபவரின் பெயர் அன்று. ஒரு பிராசஸ், தன்னை நகலெடுக்கும் ஃபோர்க் அழைப்பின் மூலம் பிள்ளை பிராசஸ்களை உருவாக்கினால் அவையும் அதே சாக்கெட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, திறந்த சாக்கெட் ஒன்றை இன்னொரு சாக்கெட் வழியாகவே வேறு பிராசஸுக்கு அனுப்பிவிடவும் முடியும். அனுப்பியவர் தன் பிரதியை மூடிவிட்டு, பெறுபவர் இன்னும் எடுக்காத இடைவேளையில், அந்தச் சாக்கெட் எந்த பிராசஸின் பட்டியலிலும் இராது.

மறுமுனையின் பிராசஸ் எண்ணைச் சாக்கெட்டிடமே கேட்கும் வசதி உண்டு என்றாலும், அது தருவது சேவையகம் காத்திருக்கத் தொடங்கிய கணத்திலோ வாடிக்கை நிரல் இணைந்த கணத்திலோ பதிவான எண். கணினியில் முதலாவதாகத் தொடங்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி முன்கூட்டியே திறந்து சேவையகத்திடம் ஒப்படைத்த சாக்கெட்டுடன் இணையும் நிரல் அப்படிக் கேட்டால், உண்மையான சேவையகத்துக்குப் பதிலாக சிஸ்டம்டியின் 1 என்ற எண்ணே விடையாக வரும். இந்நொடியில் எழுதுவது யார் என்று அறிய, எஸ்ட்ரேஸ் என்னும் கருவி கொண்டு பிராசஸின் சிஸ்டம் அழைப்புகளை, அதாவது அது கெர்னலிடம் விடுக்கும் கோரிக்கைகளை, பின்தொடரலாம். ஆனால் அது பிராசஸைக் கணிசமாக மெதுவாக்கும். அனுப்பும் அழைப்பைக் கெர்னலுக்குள்ளேயே ஓடும் ஈபிபிஎஃப் எனும் சிறு நிரல் கொண்டு கவனிப்பது, சுமை மிகுந்த சேவையகங்களுக்கு ஏற்ற வழி.