3எஸ் பேட்டரி மாட்டுறதுக்கு முன்னாடி ப்ரொப்பெல்லரப் பாருங்க

ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) போட் ரிப்பேர்ல எங்கிட்ட வர்றதுல நிறைய ஒரே கதைதான். 2எஸ் லைப்போல (ரெண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒழுங்கா ஓடிட்டு இருந்த போட்டுக்கு ஸ்பீடு பத்தலன்னு 3எஸ் (மூணு செல்) மாட்டியிருப்பாங்க, மோட்டார் அதே, ப்ரொப்பெல்லர் அதே, ஈஎஸ்சியும் (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) அதே 30 ஆம்ப்தான், கொஞ்ச நேரத்துலயே ஈஎஸ்சி கருகிடும், கடைசில ஈஎஸ்சி குவாலிட்டி சரியில்லன்னு பழி.

கணக்கப் பாருங்க. வோல்டேஜ் ஒன்றரை மடங்கானா சுத்துற வேகமும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும், ஆனா தண்ணிக்குள்ள ப்ரொப்பெல்லர் கேக்குற பவர் வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறும், அதாவது சுமார் 3.4 மடங்கு. அத வோல்டேஜோட ஒன்றரை மடங்கால வகுத்தா கரண்ட் 2.25 மடங்கு. 20 ஆம்ப் இழுத்துட்டு இருந்தது 45 கேக்கும்! லோடுல ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறது) கொஞ்சம் விழும், அதனால நிஜத்துல சற்று குறையலாம், ஆனாலும் 30 ஆம்ப் ஈஎஸ்சி அதைத் தாங்காது.

பெரிய ஈஎஸ்சி போட்டா மோட்டாருக்குள்ள அதிக கரண்ட் தள்ளி எரிச்சிடாதான்னு கேக்குறாங்க. தள்ளாதுங்க. அதுல எழுதியிருக்கறது அது தாங்குற அளவு, அவ்வளவுதான். எவ்வளவு கரண்ட் போகணும்ங்கறத முடிவு பண்றது ப்ரொப்பெல்லர், வோல்டேஜ், மோட்டாரோட கேவி (லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம்ங்கற எண்) இந்த மூணும்தான். அதனால அளந்து பாத்த ஆம்ப்ஸுக்கு மேல பாதி அளவாவது கூட வச்சு ஈஎஸ்சி வாங்குங்க, பாசி சுத்திக்கிட்டா ஒரு நொடில கரண்ட் எகிறும்.

பேட்டரில 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்ப்-அவர் கொள்ளளவு) 30சின்னு இருந்தா அஞ்சோட 30 மடங்கு, 150 ஆம்ப் வரும்னு அர்த்தம், நான் லேபிள்ல இருக்கறத பாதியாத்தான் எடுத்துக்குவேன். இன்னொன்னு, ஈஎஸ்சி நிக்கல் பேட்டரி செட்டிங்ல இருக்கான்னு பாத்துடுங்க, அப்படி இருந்தா லைப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழ போனாலும் கட் ஆகாம ஓடிட்டே இருக்கும், பேட்டரி உப்பிடும், உப்பினத திரும்ப சார்ஜ் போடவே கூடாது.

வயர் எட்டலன்னா மோட்டார் பக்கம் நீட்டுங்க. பேட்டரி பக்கம் நீட்டினா வோல்டேஜ் துள்ளி ஈஎஸ்சில இருக்க கெப்பாசிட்டர் சீக்கிரம் போயிடும், இது நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

ஒரு வாட்மீட்டர் (ஓடுற கரண்ட், வோல்டேஜ், பவர் காட்டுற சின்ன மீட்டர்) வாங்கிடுங்க. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவுல மாட்டி, போட்டைத் தண்ணில வச்சு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு (கை ப்ரொப்பெல்லர் பக்கமே போகக்கூடாது) சில நொடி மட்டும் ஃபுல் த்ராட்டில் கொடுங்க. வெளில காத்துல சுத்த விட்டு அளக்குறது வேஸ்ட், அங்க லோடே இல்லையே. ஆம்ப்ஸ் அதிகமா காட்டினா மோட்டாரையோ ஈஎஸ்சியையோ மாத்த ஓடாதீங்க, முதல்ல 2 மில்லிமீட்டர் சின்ன ப்ரொப்பெல்லர் மாட்டி திரும்ப அளங்க, நிறைய போட்டுக்கு அதுவே போதும்.